கோடைக் கணக்கு வகுப்புக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் தெருவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நடத்திய கோடை வகுப்பில், ஆயத்தொலைத் தளத்தில் (கிடையாக ஒன்றும் செங்குத்தாக ஒன்றுமாக இரண்டு அச்சுக்கோடுகள் வரைந்து, ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு எண்களால் குறிக்கும் கட்டத் தளத்தில்) வடிவங்களை இடப்பெயர்வு செய்யும், அதாவது திருப்பாமல் அப்படியே நகர்த்தும், பாடம் வரைபடத்தாளில் எத்தனை முறை விளக்கியும் அவர்களுக்குப் பிடிபடவில்லை. அதைக் கேள்விப்பட்டு, ஓரடி ஓடுகள் பதித்த தம் மண்டபத்தைத் திறந்துவிட்டு, தரையிலேயே சுண்ணக்கட்டியால் அச்சுகளை வரைந்துகொள்ள இசைந்த மண்டப உரிமையாளருக்கு எங்கள் முதல் நன்றி. பழைய பெட்டி அட்டையில் 3, 4, 5 அடிப் பக்கங்கள் கொண்ட செங்கோண முக்கோணத்தை இம்மியும் பிசகாமல் வெட்டிக் கொடுத்த தையற்கடைக்காரருக்கும் நன்றி.

ஏ (1, 1), பி (4, 1), சி (1, 5) ஆகிய முனைகளில் அட்டையை வைத்து, திருப்பாமல் இடப்புறம் 5 கட்டமும் மேலே 2 கட்டமும் நகர்த்தச் சொன்னேன். பாதிப் பேர் 4 கட்டத்திலேயே நின்றுவிட்டார்கள். வாசலில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் எட்டிப் பார்த்து, "நிக்கிற புள்ளிய எண்ணாதீங்க கண்ணுங்களா, அடுத்த புள்ளியில இருந்து ஒண்ணு" என்றார். நாற்பது ஆண்டுகள் புள்ளி வைத்துக் கோலமிட்ட கை அல்லவா! என் விளக்கங்கள் செய்யாததை அந்த ஒரு வரி செய்தது. அவருக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம்.

என் பிழையையும் மறைப்பதற்கில்லை. நகர்ந்த முனைகளை (−4, 3), (−1, 3), (−4, 7) என்று குறிக்க வேண்டிய நான், கடைசி முனையை (−4, 6) என்று குறித்துவிட்டேன். நகர்த்தினால் பக்கத்தின் நீளம் மாறாது என்று முந்தின நாள் நான் சொன்னதை நினைவில் வைத்திருந்த ஒரு சிறுமி, 5 அடிக்கு வெட்டிய நூலை பி-யின் புதிய இடத்திலிருந்து இழுத்துப் பிடித்தாள். என் குறியைத் தாண்டி ஏறத்தாழ முக்கால் அடி நூல் மிஞ்சியது. "சார், முக்கோணம் சுருங்கிடுச்சு" என்று அவள் சொன்னபோது எனக்கு வெட்கத்தைவிட மகிழ்ச்சியே மேலோங்கியது. அவளுக்கும் நன்றி.

நாள்தோறும் மாலையில் சுண்டலும் மோரும் கொடுத்தனுப்பிய தாய்மார்களை எப்படி மறப்பேன்!

அட்டை முக்கோணம் என் வீட்டில் இருக்கிறது. பள்ளி ஆசிரியர்கள் யார் கேட்டாலும் தருகிறேன். மண்டபத் தரையில் செங்குத்து அச்சின் நீலக்கோடு மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை; வரும் ஞாயிறு காலை பிள்ளைகளுடன் வந்து கழுவிவிடுகிறோம்.

இப்படிக்கு,
வகுப்பு நடத்தியவன்