புகார் கொடுத்தவன் நான்தான், வேரை வெட்டாதீர்கள்

நடைபாதைப் பணியைக் கவனிக்கும் பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் பேவர் பிளாக் அரைச்சாண் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று போன மாதம் மனு கொடுத்தவன் நான்தான். பக்கத்து வீட்டுப் பெரியவர் பால் வாங்கப் போய், அதில் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அந்தக் கோபத்தில் எழுதினேன். நேற்று காண்டிராக்டரின் ஆள் வந்து சுண்ணாம்பில் கோடு போட்டார். "வேரை வெட்டிட்டு கல்லைச் சமமாப் பதிச்சிடுவோம் சார், ரெண்டு நாள் வேலை" என்றார். அந்தக் கோட்டுக்கும் அடிமரத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

நான் கேட்டது இதை இல்லை.

வேருக்குத் தண்ணீரோடு காற்றும் வேண்டும். அதனால் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில், இரண்டு மூன்று அடிக்குள்தான் ஓடும். நாம் மண்ணை இடித்து இறுக்கி, அடிமரம் வரை சிமென்ட் பூசிவிட்டோம். மிச்சமிருப்பது கல்லுக்கு அடியில் விரித்த மணல்தான்; ஈரமும் அங்கேதான் தங்குகிறது. வேர் அதில் புகுந்து வருஷா வருஷம் பருக்கிறது. கல் எழும்பாமல் என்ன செய்யும்?

பருத்த பக்கவேர்தான் மரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அதை அறுத்தால் மரம் அன்றைக்கே விழாது, பயமே அதுதான். இலை பச்சையாகவே இருக்கும், வெட்டிய இடத்தில் அழுகல் ஏறும், அப்புறம் ஒரு புயல் ராத்திரியில் யார் வீட்டு மேலாவது சாயும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னை இழந்த மரங்கள் ஆயிரக்கணக்கில்.

அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமென்ட்டை உடைத்தெடுங்கள். டெல்லி மரங்களுக்கு 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதும் இதைத்தான். வேர் தூக்கிய இடத்தில் கல்லைப் பெயர்த்து, பாதையைச் சாலைப் பக்கமாகக் கொஞ்சம் வளையுங்கள். வளைக்க முடியாத இடத்தில் வேருக்கு மேலே தண்ணீர் இறங்கும்படி ஜல்லி பரப்பி, மெதுவான சரிவாக ஏற்றி இறக்குங்கள். ஊன்றுகோல்காரரும் நடக்கலாம். வெட்டியே ஆக வேண்டுமென்றால் தள்ளியிருக்கும் மெல்லிய வேர்களை மட்டும், ரம்பத்தால். ஜேசிபியால் பிய்க்க வேண்டாம்.

வளைக்க இடமில்லை என்பீர்கள். அந்த இடத்தில் இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்று என்னுடையது, எடுத்துவிடுகிறேன்.

ஜேசிபி திங்கட்கிழமை வருமாம். அதற்குமுன் ஒருநடை நேரில் வாருங்கள். கட்டுப்போட்ட கையோடு பெரியவரும் மரத்தடிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
மனு கொடுத்தவன்