ரொட்டி புதுசா, பழசா?

ப்ர்னோ, செக் குடியரசு,
நவம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாதது என் தப்புதான். வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

தை பிறந்ததும் போலந்துக்கு மாற்றல் என்று எழுதியதற்கு, "எல்லாம் ஒரே குடும்பத்து மொழி, செக் தெரிந்தால் போதாதா?" என்று கேட்டிருந்தீர்கள். பாதிக்குப் போதும். தெரியாத சொல் என்றால் நின்று கேட்டுக்கொள்வோம். தெரிந்த சொல் மாதிரி இருப்பதுதான் ஏமாற்றும்.

ரொட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே கடைப் பலகையில் 'செர்ஸ்த்வீ' என்று போட்டிருந்தால் அன்று சுட்டது. ஸ்லோவாக்கியாவிலும் அப்படித்தான். போலந்தில் அதே 'செர்ஸ்த்வி', காய்ந்துபோன பழைய ரொட்டி. ரஷ்ய மொழியிலும் உக்ரைன் மொழியிலும் அதே கதை. ரஷ்யர்கள் கல்நெஞ்சுக்காரரையும் அந்தச் சொல்லால்தான் சொல்வார்கள். மூலச் சொல்லுக்குக் கெட்டி, உறுதி என்று பொருள். செர்பியர்கள் 'ச்வ்ர்ஸ்த்' என்று அந்தப் பொருளை இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். செக்கில் உறுதி தெம்பாகி, தெம்பு புதுசாகிவிட்டது. மற்றவர்களுக்கு, ரொட்டி கெட்டியானால் அது பழசு. போலந்தில் புது ரொட்டிக்கு 'ஷ்வியெஜி' என்று கேட்க வேண்டும். எதிர்வீட்டு உக்ரைன் அம்மாள் இத்தனை வருஷம் கழித்தும் பலகையை நம்புவதில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத்தான் ரொட்டியை எடுக்கிறார்.

வாசனைச் சொற்கள் உங்களுக்கென்றே இருக்கின்றன. செக்கில் 'வூன்யே' நறுமணம், போலந்திலும் 'வோன்' மணம்தான், ரஷ்ய மொழியில் 'வோன்' துர்நாற்றம். 'ஸாபாஹ்' என்ற சொல் திரும்பி நிற்கிறது: போலந்திலும் ரஷ்யாவிலும் எந்த வாசனைக்கும் சொல்லலாம், செக்கில் நாற்றத்துக்கு மட்டும். சமையலைப் புகழ்வதாக நினைத்து இங்கே அதைச் சொன்னால் வீட்டுக்காரி முகம் வாடிவிடும். "கருப்பூரம் நாறுமோ" என்று ஆண்டாள் சங்கைக் கேட்டதற்கு வகுப்பில் பிள்ளைகள் சிரிக்க, நாற்றம் என்றால் அன்று நல்ல மணம் என்று நீங்கள் விளக்குவீர்களே, அதேதான் அப்பா இது. பொதுவாக நின்ற சொல் ஒவ்வோர் ஊரில் ஒவ்வொரு பக்கம் சாய்ந்துவிட்டது.

பல்கேரியத் தலைநகர் சோஃபியாவுக்குப் படிக்கப் போகும் பெரியப்பா மகனிடம் ஒன்று சொல்லுங்கள். ரஷ்ய மொழியில் 'நப்ராவோ' என்றால் வலப்பக்கம். பல்கேரியாவில் அதே சொல்லுக்கு நேராகப் போ என்று பொருள். 'ப்ராவ்' என்பது நேர், சரி. சரியான கை வலக்கை என்று ரஷ்யர்கள் எடுத்துக்கொண்டார்கள். வழி கேட்டால் கையைக் காட்டச் சொல்லட்டும்.

மாதப் பெயரும் அப்படித்தான். பூவை வைத்துச் செக்கில் 'க்வியெதென்' என்றால் மே, போலந்தில் 'க்வியெச்சென்' என்றால் ஏப்ரல். அங்கே வாடகை ஒப்பந்தத்தில் மாதத்தை எண்ணாலும் எழுதச் சொல்லிவிடுவேன்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. முந்தைய நாள் ரொட்டியைச் சின்னச் சதுரமாக நறுக்கி, மாவில் பிசைந்து, கட்டையாக உருட்டி வேகவைக்கிறார்கள். க்னெட்லீக் என்று பெயர். புது ரொட்டி போட்டால் கூழாகிவிடும். பழசுக்கு இங்கேயும் மரியாதை உண்டு என்று பார்க்கும்போது நம் வீட்டுப் பழையதும் சின்ன வெங்காயமும் ஞாபகம் வருகிறது. அம்மா உப்புப் போட்டுக் கையால் கரைத்துத் தரும் அந்தச் சத்தம்கூட. ஞாயிற்றுக்கிழமைகளில் நேரம் நிறைய இருக்கிறது. அதனால்தான் இந்தச் சொற்களை நோட்டில் எழுதி வைக்கிறேன்.

இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும், வங்கிக் கணக்கு மாற்றுகிறேன், வேறொன்றும் இல்லை. தங்கச்சி கல்லூரிக் கட்டணத்துக்குச் சித்தப்பாவிடம் வாங்கிக் கட்டிவிடுங்கள், நான் திருப்பிவிடுகிறேன். ஆற்றங்கரை வயலுக்குக் குத்தகைக்காரர் புதுத் தாள் கொண்டுவந்தால் கையெழுத்துப் போட வேண்டாம். எத்தனை மூட்டை, எந்தத் தேதிக்குள் என்று எழுதியிருக்கிறதா என்று சித்தப்பா படித்துப் பார்க்கட்டும். அம்மா முட்டிவலிக்கு டாக்டரிடம் போனார்களா, அதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகன்