இரண்டு வாரத்தில் வாத்தியார் ஆக முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நேபாளம், கம்போடியா போன்ற நாடுகளின் கிராமக் குழந்தைகள் இல்லங்களில் பாடம் சொல்லித்தரப் போக விரும்பும் நெல்லை இளைஞர்கள், பணம் கட்டுமுன் விசாரிக்க வேண்டும்.

இல்லம் அந்நாட்டு அரசிடம் பதிவு பெற்றதா? பிள்ளைகளுக்குப் பெற்றோர் உண்டா? இத்தகைய இல்லங்களில் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார்கள். தன்னார்வலர் கட்டும் பணத்துக்காகவே ஏழைப் பிள்ளைகளைச் சேர்க்கும் இடங்களும் உண்டு. இந்தத் தீங்கை ஐ.நா. பொதுச்சபையே 2019இல் தீர்மானத்தில் சுட்டிக்காட்டியது. உங்கள்மேல் குற்ற வழக்கு இல்லை என்று காட்டும் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழை உங்களிடம் கேட்காத இல்லத்துக்குப் போகாதீர்கள். யாரையும் உள்ளே விடுகிற இடம் அது. இந்தச் சான்றிதழுக்குப் பாஸ்போர்ட் சேவா இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய்.

வகுப்பில்தான் பெரிய கோளாறு. இரண்டு வாரத்துக்கு ஒருவர் மாறினால் ஒவ்வொருவரும் ஏ, பி, சி, டி-யிலிருந்தே தொடங்குவார். பிள்ளைகள் வருடம் முழுக்க அதையே பாடுவார்கள்; பழகியவர் கிளம்பும்போதெல்லாம் ஏங்கிப்போவார்கள். மூன்று மாதமாவது தங்க முடிந்தால் போங்கள். உள்ளூர் ஆசிரியருக்குத் துணையாக நில்லுங்கள், அவர் இடத்தைப் பிடிக்காதீர்கள். எந்தப் பாடம் முடிந்தது, எந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் தடுமாறுகிறது என்று தினமும் நோட்டில் எழுதி, அடுத்து வருபவரிடம் கொடுங்கள்.

அந்தப் பிள்ளைகளின் மொழியில் நூறு சொல்லாவது முன்கூட்டியே கற்கவேண்டும். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர் தமிழ் கற்றுத்தான் இங்கே பள்ளிகள் நடத்தினார். 1838இல் இறக்கும்வரை பெரும்பாலும் இங்கேயே இருந்தார்.

பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவே கூடாது.

– வாசகர்கள், பாளையங்கோட்டை