பிள்ளைகள் கையில் காசைக் கொடுங்கள்: நெல்லைச் சிறப்புப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு தாயின் மடல்

மதிப்பிற்குரிய சிறப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். என் மகனுக்கு வருகிற ஆவணியில் 18 வயது முடிகிறது. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை. அவனைத் தானே சாப்பிடப் பழக்கியதும், சட்டைப் பித்தான் போடச் சொல்லிக்கொடுத்ததும் உங்களைப் போன்றவர்கள்தான். அந்த நன்றியோடு ஒன்று கேட்கிறேன். 13, 14 வயதிலேயே பிள்ளைகள் கையில் நிஜக் காசைக் கொடுத்து, நிஜக் கடைக்குக் கூட்டிப்போங்கள்.

அவன் நோட்டு முழுக்க ரூபாய்ப் படம் ஒட்டியிருக்கும். ஐந்நூறு எது என்றால் சரியாகத் தொட்டுக் காட்டுவான். ஆனால் தெருமுனை அண்ணாச்சி கடைக்கு முதல் தடவை தனியாக அனுப்பியபோது, நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டுத் தேங்காயோடு வந்து நின்றான். பாக்கி வாங்கவில்லை. கடையில் நாலு பேர் முண்டியடிப்பார்கள், அண்ணாச்சி போன் பேசிக்கொண்டே பொட்டலம் மடிப்பார், சில்லறை இல்லையென்று மிட்டாயை நீட்டுவார். பத்து ரூபாய் நாணயத்தைக் கொடுத்தால், செல்லும் என்று ரிசர்வ் வங்கி சொன்ன பிறகும் வாங்க மறுப்பவர்கள் உண்டு. ஒட்டிய படத்தில் இதெல்லாம் எப்படி வரும்?

அவனுக்குக் கழித்தல் இன்றுவரை வராது. உங்களில் ஒருவர்தான் வழி சொன்னார். எல்லாமே பத்து ரூபாய் நோட்டாகக் கொடுத்து அனுப்புங்கள் என்றார். அண்ணாச்சி 'நாப்பத்தி மூணு' என்றால், 'பத்து, இருபது, முப்பது, நாப்பது' என்று ஒவ்வொரு நோட்டாக மேசையில் வைப்பான். கடைசியில் 'இன்னொண்ணு' என்று ஒரு நோட்டை வைத்துவிட்டு இடது கையை நீட்டிக்கொண்டே நிற்பான். 'பாக்கி தாங்க அண்ணாச்சி' என்ற மூன்று வார்த்தை வாயில் வர மூன்று வாரம் ஆனது. முதலில் நான் பக்கத்திலேயே நின்றேன். பிறகு கடைப்படியில், பிறகு எதிர்வாடைக் கரண்டுக் கம்பத்தடியில். இப்போது வீட்டு வாசலில் நிற்கிறேன்.

இதை ஒரு வீட்டில் ஒருத்தி செய்ய ஏழு மாதம் பிடித்தது. நீங்கள் வாரம் ஒரு காலை வகுப்பை மகாராஜநகர் உழவர் சந்தைக்கு மாற்றினால் பத்துப் பிள்ளைகள் சேர்ந்து கற்பார்கள். அங்கே அன்றைய விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள், பேரம் கிடையாது. அரைக் கிலோ கத்தரிக்காயும் ஒரு கட்டுக் கீரையும் வாங்கி வந்து, பள்ளியிலேயே நறுக்கி அடுப்பேற்றினால் சமையலும் அதோடு சேர்ந்துவிடும். போகவர டவுன் பஸ்ஸில் நம் பிள்ளைகளுக்கும் கூடப் போகிற ஒருவருக்கும் கட்டணம் இல்லை. கலெக்டர் ஆபீஸ் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், ஆற்றுப் பாலம் தாண்டினால் ஜங்ஷன் என்று என் மகன் பாளையங்கோட்டையிலிருந்து போகிற வழியைப் படித்தது பஸ்ஸில்தான்.

ஏமாற்றிவிடுவார்களே என்று பெற்றோரே உங்களைத் தடுப்பார்கள் என்பது தெரியும். என் மகனையும் ஏமாற்றினார்கள். தெருப் பையன்கள் இரண்டு பேர், 'மக்கா, எங்களுக்கும் வாங்கித் தா' என்று அவன் காசில் அறுபது ரூபாய்க்குத் தின்றுவிட்டுப் போனார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாளிலிருந்து 'என் காசு, தர மாட்டேன்' என்று சொல்லப் பழக்கினோம். என் காலத்துக்குப் பிறகு யாராவது ஒரு காகிதத்தை நீட்டிக் கைநாட்டு வைக்கச் சொல்லும் நாளை நினைத்தால், அறுபது ரூபாயோடு நான் உயிரோடிருக்கும்போதே அவன் இதைப் படித்தது நல்லதென்றே படுகிறது.

வங்கிக்கும் கூட்டிப்போங்கள். ஒரு கிளையில், 'இவனுக்கு எதுக்கும்மா தனிக் கணக்கு? உங்க பேர்லயே போட்டுக்கோங்க' என்றார்கள். அவன் பக்கத்தில்தான் நின்றான், எல்லாம் கேட்டது. 10 வயது தாண்டிய பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி இடம் கொடுத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, தன் பண விவகாரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் உரிமை மற்றவர்களைப் போலவே இவர்களுக்கும் உண்டென்கிறது. இதை நான் தனியாகப் போய்ச் சொன்னால் உட்காரச் சொல்லக்கூட ஆளில்லை. சீருடையில் பத்துப் பிள்ளைகளோடு ஒரு ஆசிரியர் உள்ளே போனால் மேலாளர் எழுந்து வருவார்.

பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளி நடத்திய ஊர் பாளையங்கோட்டை. அதனால்தான் உங்களிடம் கேட்கத் தைரியம் வருகிறது.

சந்தைச் செலவுக்குப் பிள்ளைக்கு வாரம் ஐம்பது ரூபாய் பெற்றோர் நாங்கள் தருகிறோம். எல்லாம் பத்து ரூபாய் நோட்டாகவே மாற்றித் தருகிறேன். கூட வர ஆள் வேண்டுமென்றாலும் நான் வருகிறேன், தள்ளியே நிற்பேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தாய்