பொங்கல் பானை விற்கும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

இன்ஸ்டகிராமில் நீ பகிர்ந்த சிறு பானைகளின் படங்களைப் பார்த்தேன். கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டி, வெள்ளை கிளேஸ் (சுட்டதும் கண்ணாடிபோல் ஆகும் மேற்பூச்சு) பளபளக்க அவற்றை வரிசையாக வைத்திருந்தது மிக அழகாக இருந்தது. வாங்க விரும்பிய ஒருவர், "இதில் பொங்கல் வைக்கலாமா?" என்று கேட்டதாகவும், என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஓர் அறையில் வனைந்து இணையத்தில் விற்கும் எவருக்கும் இந்தக் கேள்வி வரும் என்பதால், பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

வைக்கக் கூடாது. அதை அவரிடம் இன்றே சொல்லிவிடு. நீ வனைவது ஏறத்தாழ 1220 டிகிரி செல்சியஸில் சுடப்படும் ஸ்டோன்வேர் மண். அந்த வெப்பத்தில் மண்ணின் ஒரு பகுதி கண்ணாடியைப் போல உருகித் துளைகளை அடைத்துவிடுகிறது. நீர் கசியாத, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் கலம் கிடைப்பது அதனால்தான். எரிவாயு அடுப்பின் தீ அடிப்பகுதியை மட்டும் சூடாக்கும்போது, அங்கே விரியும் மண்ணுக்கும் இன்னும் சூடேறாத விளிம்புக்கும் இடையே இழுப்பு உண்டாகி, அந்த இறுகிய உடல் விரிசல் விடுகிறது. கொதிக்கும் பாலோடு அடுப்பிலேயே பிளந்துபோகவும் கூடும். தை பிறக்கும் முன் தேக்கா வட்டாரத்தின் கேம்பல் லேன் தெருவில் குவித்து விற்கும் சிவப்பு மண்பானையின் இயல்பு வேறு. அது குறைந்த வெப்பத்தில் சுடப்பட்டது, நுண்துளைகள் நிறைந்தது, மூலையில்லாத உருண்டை அடியைக் கொண்டது. மெல்லிய விரிசல் தொடங்கினாலும் ஏதேனும் ஒரு துளையிலோ மணல் துகளிலோ முட்டி நின்றுவிட வாய்ப்புண்டு.

பார்வைக்கு இரண்டும் ஒரே உருவம். அந்த உருவத்தைக் கண்டதும் நம்மவர்களுக்குப் பால் பொங்குவதுதான் நினைவுக்கு வரும் என்பதால், "பரிமாறவும் அலங்காரத்துக்கும் மட்டும், அடுப்பில் வைக்கக் கூடாது" என்பதை படத்தின் கீழ், விலைக்கும் முன்பாக, முதல் வரியாகவே எழுது. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதே, ஏனென்றால் பெரும்பாலோர் கேட்க மாட்டார்கள்.

தேக்காவில் பானை வாங்கும் பாட்டிமார்களைக் கவனித்திருப்பாய். தூக்கி எடை பார்ப்பார்கள், விரலால் சுண்டி ஓசை கேட்பார்கள், கவிழ்த்து அடியைத் தடவுவார்கள், உள்ளே கைவிட்டுப் பார்ப்பார்கள். கைப்பேசியில் உன் கலத்தைப் பார்க்கிறவருக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிட்டாது. அந்தக் கைகள் அறிந்திருக்கக்கூடிய அனைத்தையும் எழுத்தில் கொடுப்பது விற்பவரின் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். படம் எவ்வளவு அழகாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்தக் கடமையும் கூடுகிறது.

அளவை எப்போதும் சுட்ட பிறகே எடு. உலர்வதிலும் சுடுவதிலுமாக உன் மண் ஏறத்தாழ 12 விழுக்காடு சுருங்குகிறது என்றால், சக்கரத்தில் 10 சென்டிமீட்டராக நின்றது 8.8 ஆகிவிடும், உயரமும் அகலமும் சேர்ந்து சுருங்குவதால் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே தண்ணீர் ஊற்றி அளந்து, மில்லிலிட்டரில் எழுது. எடையைக் கிராமில் சொல். அடிப்பகுதி கிளேஸ் பூசாமல் சொரசொரப்பாக இருந்தால், மேசையில் கீறல் விழக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல். படங்களில் ஒன்றிலாவது பக்கத்தில் ஒரு டம்ளரோ உன் கையோ இருக்கட்டும். சன்னல் வெளிச்சத்திலேயே படம் எடு. நிறத்தை மாற்றும் ஃபில்டர் வேண்டாம், செலடான் என்னும் கிளேஸின் மென்பச்சையை ஃபில்டர் முழுவதுமாகக் கெடுத்துவிடும்.

நம் வீடுகளில் ரசமும் புளிக்குழம்பும் ஊற்றாத கிண்ணம் இல்லை. எனவே புதிய கிளேஸ் ஒவ்வொன்றிலும் எலுமிச்சைத் துண்டு ஒன்றை ஓர் இரவு வைத்துப் பார். காலையில் நிறம் மங்கியிருந்தால் அந்தக் கிளேஸ் அமிலத்தில் கரைகிறது என்று பொருள். அதை உணவுக் கலத்தின் உட்புறம் பூசாதே. நிறம் மாறவில்லை என்பதாலேயே ஈயமும் காட்மியமும் இல்லை என்று ஆகிவிடாது. அதற்கு ஆய்வகச் சோதனைதான் வழி. கிளேஸ் டப்பாவின் மேல் உணவுக்கு ஏற்றது என்று அச்சிட்டிருப்பதும், அதில் குறித்துள்ள வெப்பத்தில் சரியாகச் சுட்டால் மட்டுமே பொருந்தும்.

ஜாலான் பஹார் பக்கம், 1940களில் கட்டப்பட்ட தௌ குவாங் என்னும் டிராகன் சூளையில் (நீண்டு சரிவாக அமைந்த சூளை) விறகால் சுடும்போது நீயும் சில கலங்களை வைக்க விரும்புவதாகச் சொன்னாய். கட்டாயம் வை. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களுக்குப் பால் வடியும் கிண்ணங்களைச் சுட்டுக் கொடுத்தவை ஜூரோங் பகுதியின் அந்தச் சூளைகள்; நம் தீவில் மிஞ்சியிருக்கும் அந்த மரபில் உன் கைக்கும் ஓர் இடம் கிடைப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அங்கே விறகுச் சாம்பல் கலத்தில் எங்கே படிந்து நிறம் தரும் என்பதைத் தீயே முடிவு செய்வதால், ஒரு கலத்தின் படத்தைக் காட்டி வேறொன்றை அனுப்ப இயலாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே படமெடுத்து, வாங்குபவருக்கு அதையே அனுப்பு.

சக்கரத்தில் ஈர மண் எழும்பும் காணொளியைத்தான் எல்லாரும் விரும்பிப் பார்க்கிறார்கள். அதை நிறுத்தச் சொல்லவில்லை. சூளையைத் திறக்கும்போது விரிசலோடு வெளிவரும் கலங்களையும் சேர்த்துக் காட்டு. ஒரு கோப்பைக்கு நீ கேட்கும் விலையில், உடைந்தவற்றின் மண்ணும் சூளை வாடகையும் அடங்கியிருப்பதை அப்போதுதான் மக்கள் தாமாகவே உணர்வார்கள்.

நாளைப் பற்றியும் கண்டிப்பாக இரு. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை பெய்கையில் பானைகள் எளிதில் உலர்வதில்லை. உள்ளே ஈரம் இருக்க அவசரமாகச் சூளையில் ஏற்றினால், நீர் ஆவியாகிக் கலம் வெடிக்கும். வாடகைச் சூளையில் அடுத்தவர் கலமும் அதோடு போய்விடும். பொங்கலுக்கான முன்பதிவை நவம்பர் நடுவிலேயே மூடிவிடு. அதன் பிறகு கேட்பவர்களுக்கு, சுட்டு முடித்துக் கையிருப்பில் உள்ளவற்றை மட்டும் விற்கலாம்.

கேள்வி கேட்டவரிடம், பொங்கல் வைக்க கேம்பல் லேன் பானையையும், வைத்த பொங்கலைப் பரிமாற உன் பானையையும் வாங்கச் சொல். ஒவ்வொரு படத்துக்கும் கீழே எழுதவிருப்பதை முதலில் எனக்கு அனுப்பு. படித்துப் பார்த்து, விடுபட்டவற்றைச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா