சீன நடனத்துக்கு எட்டு வாரம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரில் ஜூலை 21 இன நல்லிணக்க நாள் நெருங்கினால் போதும், சமூக மன்ற மேடைகளில் ஒரே அச்சில் வார்த்த ஒரு நிகழ்ச்சியைப் பார்க்கலாம். பரதநாட்டியத்துக்கு நான்கு பேர், மலாய் நடனத்துக்கு நான்கு பேர், சீன நடனத்துக்கு நான்கு பேர். குழுவுக்கு ஒரு நிமிடம் ஆடிவிட்டு, கடைசியில் எல்லாரும் கைகோத்து அசைவார்கள். படம் நன்றாக விழும். ஆனால் பக்கத்தில் ஆடிய சீனத் தோழி காலை எப்படி வைத்தாள் என்பது நம் பிள்ளைக்குக் கடைசிவரை தெரியாது. அந்த ஐந்து நிமிடத்துக்குப் பதிலாக, சமூக மன்றங்களின் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்களும் சீன நடனக் குழுக்களும் சேர்ந்து எட்டு வாரப் பரிமாற்ற வகுப்பு நடத்த வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

இது சிங்கப்பூருக்குப் புதிதல்ல. 1958இலேயே பரதநாட்டிய ஆசிரியர் சாந்தா பாஸ்கர், பட்டாம்பூச்சிக் காதலர்கள் என்ற சீனக் கதையைப் பரதநாட்டியமாக அமைத்தார். அடுத்த ஆண்டு அரசாங்கம் தொடங்கிய திறந்தவெளிக் கலைநிகழ்ச்சிகளில் மூவினக் கலைஞர்களும் ஒரே மேடையில் ஏறினார்கள்.

நம்மவர் பலருக்குச் சீன நடனம் என்றதும் சிங்க நடனம்தான் நினைவுக்கு வரும். சிங்க நடனம் பெரும்பாலும் தற்காப்புக் கலைச் சங்கங்களின் சொத்து. பயிற்சியும் வேறு, ஆசிரியர்களும் வேறு. சமூக மன்ற வகுப்புகளில் கற்றுத் தருவது பெரும்பாலும் நாட்டுப்புற நடனமும் செவ்வியல் நடனமும். அந்தச் செவ்வியல் நடனம்கூட இன்றைய வடிவத்தைப் பெற்றது 1950களுக்குப் பிறகுதான். 1954இல் தொடங்கிய பெய்ஜிங் நடனப் பள்ளியில், சீன இசைநாடகத்தின் அசைவுகளையும் தற்காப்புக் கலையையும் கொண்டு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தார்கள். 1930களில் சதிர் என்ற பழைய நடனம் பரதநாட்டியமான கதை தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

முதல் மூன்று வாரங்களை யாங்கே என்ற வடசீன உழவர் நடனத்துக்கே கொடுக்கலாம். அதன் அடிப்படை, நான்கு எண்ணிக்கையில் முடியும் சிலுவை அடி. இடக்காலை வலக்காலுக்குக் குறுக்கே முன்வைத்து, வலக்காலை இடப்பக்கம் குறுக்கே முன்வைத்து, பிறகு இடம், வலம் என்று பின்வாங்க வேண்டும். படித்தால் எளிது. பரதம் பயின்ற பிள்ளைகள் இதில்தான் தடுமாறுவார்கள். அவர்கள் உடல் அரைமண்டிக்குப் பழகியது: முழங்கால் மடிந்தபடியே நிற்கும், இடுப்பு அசையாது, பாதம் தரையைத் தட்டும். யாங்கேயில் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் முழங்கால் மடிந்து நிமிர வேண்டும், இடுப்பு அதன்போக்கில் ஆட வேண்டும். 'தட்டாதே' என்று சொன்னால் பிள்ளை விறைத்துக்கொள்ளும். கைகளை இடுப்பில் வைத்து, கால் நகராமல் முழங்காலை மட்டும் எட்டு எண்ணிக்கை ஆட்டவிட்டு, அதன் பிறகு அடியைச் சேர்த்தால் சீக்கிரம் வந்துவிடும்.

அடுத்து எண்கோணக் கைக்குட்டை. இங்கே நம் பிள்ளைகள் கை ஓங்கும். கடகாமுகம் என்ற கைமுத்திரையிலிருந்து அலபத்மம் என்ற விரிந்த முத்திரைக்கு மணிக்கட்டைச் சுழற்றிப் பழகியவர்கள் அல்லவா! தவறு முழங்கையில் வரும். கை முழுவதையும் வீசினால் துணி தொங்கிப்போகும். மணிக்கட்டு மட்டும் உள்நோக்கிச் சுழன்றால்தான் பூப்போல விரியும். செவ்வியல் பகுதிக்கு வரும்போது இன்னொரு விதியையும் சொல்லித்தர வேண்டும்: இடப்பக்கம் போகுமுன் வலப்பக்கம் சாய வேண்டும், எழுமுன் அமிழ வேண்டும், மூச்சு முன்னே போக உடல் பின்னே வர வேண்டும். கோடுபோல நேராகக் கை நீட்டிப் பழகியவர்களுக்கு இதுதான் மிகக் கடினம். சீனப் பிள்ளைகள், பரதத்தில் பாதத்தைத் தட்டி ஆடும் தட்டடவுக்கு வரும்போது சிக்கல் தலைகீழாகும். நுனிக்காலில் மெல்ல இறங்கியே பழகியதால், முழுப் பாதமும் ஒருசேரத் தரையில் பட அவர்களுக்கு நாளாகும்.

பெற்றோர் ஆசைப்படுவது என்னவோ, சட்டைக் கையிலிருந்து நீண்டு தொங்கும் நீள்பட்டுக் கைகளைத்தான். தயவுசெய்து கலப்பு நிகழ்ச்சியில் அது வேண்டாம். ஒரு மீட்டர் பட்டும் பிள்ளையின் கை நீளமும் சேர்ந்தால் ஒருவரைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்கு மேல் இடம் தேவை. பத்து மீட்டர் அகல மேடையில் ஒரு வரிசைக்கு மூவர்தான் நிற்க முடியும். பட்டு சலங்கையிலும் ஒட்டியாணத்திலும் மாட்டிக்கொள்ளும். இழுத்தால் கிழியும், இழுக்காவிட்டால் அடுத்த அடி தவறும். மின்விசிறி தாழ்வாகத் தொங்கும் மண்டபத்தில் அதை வீசவே கூடாது.

தரையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பல மண்டபங்களில் சிமெண்டின்மேல் ஓடு பதித்திருக்கிறார்கள். வெறுங்காலில் தட்டும் பரதத்துக்கு அது முழங்காலையும் கணுக்காலையும் பதம் பார்க்கும். மெல்லிய துணிக்காலணி அணியும் சீன நடனத்துக்கோ வழுக்கும். மரத்தரை உள்ள அறையைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நடனத்துக்கான வினைல் விரிப்பைப் போட்டு, இணைப்புகளைக் கால்விரல் சிக்காதபடி முழு நீளத்துக்கும் ஒட்டுங்கள். விரிப்பு வழுக்கலைத் தடுக்குமே தவிர சிமெண்டின் அதிர்வைத் தாங்காது. அங்கே குதிப்புகளைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

இசையில் ஒரு வசதி உண்டு. சீன நடனத்தை எட்டு எட்டாக எண்ணுவார்கள். ஆதி தாளமும் எட்டு. இரண்டு சிலுவை அடி ஓர் ஆவர்த்தனத்தில், அதாவது தாளத்தின் ஒரு சுற்றில், அடங்கிவிடும். பதிவு செய்த சீன இசை தன் வேகத்தை மாற்றாது. ஆகவே பரதத்துக்குத் தாளம் தட்டி ஜதி சொல்லும் நட்டுவாங்கம்தான் அதைப் பின்தொடர வேண்டும். தாளத்தை ஏற்றிப் பழகிய நட்டுவனார்களிடம் இதை முதல் ஒத்திகையிலேயே சொல்லிவிடுங்கள்.

வாரம் ஒன்றரை மணி நேரம், இரு தரப்பிலிருந்தும் பத்துப் பத்துப் பிள்ளைகள், இரு ஆசிரியர்கள் போதும். ஜூலை நிகழ்ச்சிக்கு மே மாதத்தில் தொடங்கினால் ஜூன் விடுமுறை குறுக்கே வந்துவிடும். பாதிப் பிள்ளைகள் ஊருக்குப் போயிருப்பார்கள். ஏப்ரல் முதல் வாரம் தொடங்கி மே இறுதிக்குள் எட்டு வாரத்தையும் முடித்து, ஜூலையில் இரண்டு ஒத்திகை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மண்டபத்தை ஜனவரியிலேயே பதிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
நடன ஆசிரியர்கள் சிலர்,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்