வரத்துக்காலுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி பிறந்தும் நம் ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில், கிணற்றுக்கும் நீர் இறங்கட்டும் என்று நாம் சேறு வழித்துச் சீர்செய்த அந்த வாய்க்காலில், தண்ணீர் ஓடுகிறது. இப்போதாவது இதை எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி சாக்கடைக் குழாயைத் திருப்பிக்கொண்ட ஏழு வீட்டுக்காரர்களுக்கு. வாய்க்காலின் தரையில் அடைத்த சேற்றை எடுத்துத் திறந்துவிட்டால் மழைத்தண்ணீரோடு கழிவும் கிணற்றுக்கு இறங்கிவிடும் என்று சொன்னபோது முகம் சுளித்தீர்கள், ஆனாலும் சொந்தக் காசில் செய்தீர்கள்.

அடுத்தது ஜேசிபி தம்பி. கறுத்து நாறிய சேற்றை மட்டும் வழித்து, மணல் தட்டுப்பட்டதும் நிறுத்தினார். அந்தச் சேறுதான் மண்ணின் கண்ணையெல்லாம் அடைத்திருந்தது. ஊருணித் தரையை அவர் தொடவே இல்லை, அங்கே களி இருந்தால்தானே தண்ணீர் நிற்கும்.

அப்புறம் நம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா. பிவிசி குழாயின் அடியில் ஓட்டை போட்டு, நைலான் வலை சுற்றி, வாய்க்கால் தரைக்குள் மூன்றடி இறக்கினார். குழாய்க்குள் மட்டம் வெளியே ஓடுவதைவிடத் தாழ்ந்திருந்தால் தண்ணீர் கீழே இறங்குகிறது, உயர்ந்திருந்தால் அடியிலிருந்து மேலே வருகிறது. நாம் குறுக்கே போட்ட செம்புறாங்கல் வரிசைக்குத் தண்ணீர் வரும் பக்கம் இரண்டு விரற்கடை தாழ்வு, தாண்டிப் போகும் பக்கம் ஒரு விரற்கடை உயர்வு! இறங்கியதெல்லாம் கிணற்றுக்குத்தான் என்று குதித்தேன். "அவசரப்படாதே, பாதி நாலடி தள்ளி மேலே வந்துடும்" என்றார். அந்தக் குட்டிப் பயணமும் வீண் போகாதாம். மணலுக்குள் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும், காற்றில்லாத இடத்தில் நைட்ரேட்டை வாயுவாக்கி விட்டுவிடும். அமெரிக்காவில் பால்டிமோர் பக்கம் மைன்பேங்க் ரன் என்ற ஓடையைச் சீர்செய்து இதை அளந்து பார்த்திருக்கிறார்கள், சியாட்டிலில் தார்ன்டன் ஓடையின் அடியில் இதற்கென்றே மணலும் சரளையும் நிரப்பினார்கள் என்றும் ஐயாதான் சொன்னார்.

வாய்க்கால் தரைக்குச் சிமெண்டு போட்டால் சுத்தமாக இருக்கும் என்று ஒரு ஒப்பந்தக்காரர் விடாமல் நின்றார், சியோல் நகரத்து சியோங்கேசியோன் படத்தையும் காட்டினார். 2005-இல் திறந்த அந்த ஓடை அழகுதான், ஆனால் அடியில் தண்ணீர் கசியாமல் தடுப்பு போட்டு, ஹான் ஆற்றிலிருந்து பம்பு வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். நம்மிடம் ஹான் ஆறு ஏது? அன்றைக்கு ஊர்க்கூட்டத்தில் "சிமெண்டு வேண்டாம்" என்று எழுந்து நின்ற அக்காமார்களை மறக்க மாட்டேன்.

கடைசி வீட்டு ஆச்சிக்குத்தான் பெரிய கும்பிடு. பங்குனியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் விடியலில், யாரும் தண்ணீர் சேந்துவதற்கு முன், கிணற்றில் கயிறு விட்டு நனைந்த இடத்தில் முடிச்சுப் போட்டீர்கள். மழையும் இந்த வருசம் நல்ல மழை, எல்லாப் பெருமையையும் வரத்துக்காலுக்கே கொடுக்க முடியாது, சரி. ஆனால் மழை விட்ட பிறகு போட்ட ஐந்து முடிச்சும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடப்பதை நேற்று விரலால் தடவிப் பார்த்தேன், மட்டம் அவ்வளவாக இறங்கவில்லை என்றுதானே அர்த்தம், போன வருசம் இந்நேரம் வாளி தரை தட்டியது என்று நீங்களே சொன்னீர்கள்.

சேறு திரும்பவும் படியும், புரட்டாசியில் மண்வெட்டியோடு வாருங்கள். ஆச்சி, உங்கள் கடப்பாரை என் வீட்டுத் திண்ணையில்தான் கிடக்கிறது, நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன்.